மடியில் வைத்த கைகள்

கட்டளையைத் தட்டி முடித்ததும் அக்கா இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். எண்டர் இன்னும் தட்டவில்லை. திரையில் தான் அடித்த வரியை முதல் எழுத்திலிருந்து வாய்விட்டுப் படிக்கிறார். “இந்த டிஸ்க்கு, இந்த சர்வருக்கு. சரியா? சரிதான்.” கேள்வியும் அவரே, பதிலும் அவரே. அதற்குப் பிறகுதான் விரல் எண்டருக்குப் போகும்.

அலுவலகத்தில் அவருக்கு டிஸ்க் அக்கா என்று பெயர். எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடும் சர்வர்களுக்கு இடம் போதாமல் போனால், இங்கே உட்கார்ந்தபடி ஒரு வரி தட்டிப் புது டிஸ்க்கை இணைப்பார். வேண்டாதபோது இன்னொரு வரி தட்டிக் கழற்றுவார். அந்த டிஸ்க்குகளை அவரும் கண்ணால் பார்த்ததில்லை. மவுஸால் அழுத்திச் செய்கிற சுலபமான வழியும் இருக்கிறது. அக்காவுக்கு அது ஆகாது. “அதுல என்ன செஞ்சோம்னே தெரியாதுப்பா. இங்க நான் அடிச்சது என் கண்ணு முன்னாடியே கிடக்கும்.”

எதிர் மேசையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது என் வேலை. இந்த முணுமுணுப்பு எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. “என்னக்கா, மந்திரம் ஓதுறீங்களா?” என்பேன். “ஓதுனாதான் பேய் வராது” என்பார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவர் கணவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போய்விட்டது. தினமும் மதியம் அவரிடமிருந்து போன் வரும். அந்தப் பக்கம் பேச்சு இருக்காது, நகத்தால் போனைத் தட்டுகிற சத்தம்தான். ஒரு தட்டு என்றால் இல்லை, இரண்டு என்றால் ஆமாம். “சாப்டீங்களா? மாத்திர போட்டீங்களா? பொய் சொல்லாதீங்க, உங்க தட்டுலயே தெரியுது.” இரண்டு பேருக்கும் சேர்த்து இவரே பேசிவிடுவார்.

அறுவைக்கு முன்பே நோயாளிகளின் குரலைப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளும் மருத்துவமனை அது. பின்னால் ஒரு கருவி அவர்கள் குரலிலேயே பேசுவதற்காக. கணவருக்கும் அப்படி ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. அந்த மருத்துவமனை எங்கள் வாடிக்கையாளர்.

போன வாரம் ஒரு காலையில் அந்தக் குரல்களை வைத்திருந்த சர்வர் படுத்துவிட்டது. நகல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தோம். எடுத்துப் பார்த்தால், நகல் எடுத்தது சர்வரின் சொந்த டிஸ்க்கை மட்டும். தனியாக இணைத்திருந்த குரல் டிஸ்க்கை யாரும் சேர்க்கவே இல்லை. இனி குரல்கள் இருப்பது அந்த ஒரே டிஸ்க்கில்தான். மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. “வேற யார்கிட்டயாவது குடுக்கட்டுமாம்மா?” என்று கேட்டார். “நானே மாட்டுறேன் சார்” என்றார் அக்கா. நடந்ததைக் கணவருக்கு ஒரு செய்தியாக மட்டும் அனுப்பிவிட்டு உட்கார்ந்தார்.

புது சர்வரில் குரல் டிஸ்க்கை இணைத்தார். இனிவரும் பதிவுகளுக்காக அதே அளவில் ஒரு காலி டிஸ்க்கையும் இணைத்தார். சர்வர் குரல் டிஸ்க்குக்கு ‘பி’ என்றும், காலிக்கு ‘சி’ என்றும் பெயர் வைத்துக்கொண்டது. காலியைத் துடைத்துத் தயார்செய்ய, ஃபார்மட் செய்தாக வேண்டும். மற்றதைச் செய்தால் உள்ளே இருப்பது அத்தனையும் போய்விடும். இடையில் சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்ப வேண்டியிருந்தது. பிறகு ‘சி’யை ஃபார்மட் செய்யும் வரியை அடித்தார். கைகள் மடிக்குப் போயின.

“சீக்கிரம்மா, ஆஸ்பத்திரிலேர்ந்து மறுபடியும் கூப்ட்டாங்க” என்றார் பின்னால் நின்ற மேலாளர்.

“இந்த டிஸ்க்கு... சரியா?” இந்த முறை பதில் வரவில்லை. அடித்ததை அழித்துவிட்டு, டிஸ்க்குகளின் நீண்ட அடையாள எண்களை வரவழைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். எழுந்த வேகத்தில் சர்வர் பெயர்களை மாற்றிப் போட்டிருந்தது. இப்போது ‘சி’தான் குரல் டிஸ்க்.

“சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார் அக்கா. அவ்வளவுதான்.

‘பி’யை ஃபார்மட் செய்து முடித்துவிட்டு, குரல் டிஸ்க்கைத் திறந்தார். கோப்புகள் வரிசையாக இறங்கின. ஏதாவது ஒன்றை ஓடவிட்டுச் சரிபார்க்க வேண்டும். “உங்க வீட்டுக்காரரோடதையே போட்டுப் பாருங்கக்கா” என்றேன். “இது ஆபீஸ் வேலப்பா” என்று சொல்லிவிட்டுப் பட்டியலின் முதல் கோப்பைத் தட்டினார். யாரோ ஒரு பெண் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணினாள். பத்து வரை கேட்டுவிட்டு நிறுத்தினார்.

அப்போதுதான் மதிய போன் வந்தது. எடுத்தார். சாப்பாடும் மாத்திரையும் கேட்கவில்லை. போனை முகத்துக்கு நேரே பிடித்து, நகத்தால் இரண்டு முறை தட்டினார்.