பூனை படுத்திருந்த இடம்

சிங்கப்பூர்ப் பூனைகளுக்கு வால் முழுதாக இருப்பதில்லை. பாதியில் நின்றிருக்கும், இல்லையென்றால் நுனி மடங்கி முடிச்சுப் போட்டதுபோல் இருக்கும். வந்த புதிதில், யாரோ பிடித்து வெட்டிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளம் சுவரில்லாமல் தூண்களும் சிமெண்டுத் தரையுமாக இருக்கும். ‘வாய்ட் டெக்’ என்பார்கள். அங்கே பூனைகளுக்குச் சோறும் மீனும் வைக்கிற ஒரு சீன ஆன்ட்டி உண்டு. அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. ஒரு நாள் வாலைக் காட்டி, இரண்டு விரலைக் கத்தரிபோல் ஆட்டி, “ஹூ?” என்று கேட்டேன். நான்தான் வெட்டக் கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பூனையை வாரி மடியில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தார். பிறக்கும்போதே அப்படித்தான் என்று பிறகு வீட்டுக்காரம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். நான் வெட்டக் கேட்கவில்லை என்று ஆன்ட்டிக்குப் புரியவைக்க வழியில்லை. என்னைக் கண்டாலே பூனைகளை அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்.

ஆனால் சாம்பல் நிறப் பூனை ஒன்று என்னை விடவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை முடிந்து நான் வரும் நேரம் அதற்குத் தெரியும். தூணடியிலிருந்து எழுந்து காலைச் சுற்றிக்கொண்டே லிப்ட் வரைக்கும் வரும். பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் பால் வைக்க ஆரம்பித்தேன். பிறகு ஒரு நாள் மேலேயே கொண்டுபோனேன். நாலாவது மாடியில் ஓர் அறைதான் எனக்கு வாடகை. வீட்டுக்காரம்மா நம் பாபநாசம் பக்கத்துக்காரர், கெட்டவர் இல்லை.

“இந்த பில்டிங்ல பூனை வளக்கக் கூடாதும்மா. ஹவுசிங் போர்டு ஆபீசுலேந்து வந்து பாத்தா எனக்குத்தான் வினை. நீங்களே வாடகைக்கு இருக்கீங்க, ஒங்களுக்கு ஒரு குடித்தனமா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பூனையை மறுபடி தூணடியிலேயே கொண்டுபோய் விட்டேன்.

எங்கள் குடும்பத்துக்கு இந்தப் பேச்சு பழக்கமானது. மன்னார்குடிக்குக் கிழக்கே பாமணி ஆற்றங்கரையில் ஒரு மிராசுதாரின் பண்ணையில் அப்பா வேலை செய்தார். குடிசை எங்களுடையது, குடிசைக்குக் கீழே இருந்த மண் அவர்களுடையது. பண்ணை வீட்டில் பாலைத் திருடிக் குடித்துப் பழகிய பூனை ஒன்று இருந்தது. பூனையைக் கொன்றால் பாவம் என்று, பண்ணையைக் கவனித்துக்கொண்ட காரியக்காரர் அதைச் சாக்கில் கட்டி அப்பாவிடம் கொடுத்தார். “மாரிமுத்து, ஆத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வாடா.” நானும் கூடப் போனேன். அக்கரையில் அப்பா சாக்கைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்று சுற்றென்று சுற்றினார். “ஏம்ப்பா?” என்றேன். “தெசை தப்பிடும். அப்பதான் திரும்பி வராது,” என்றார். அது திரும்பி வந்தது. ஆனால் பண்ணை வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் அடுப்படியில் சாம்பல் சூட்டில் வந்து படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் பூனை.

கூலி நெல் கூடக் கேட்டுச் சங்கம் கொடி ஏற்றிய காலம் அது. அப்பாவும் சங்கத்தில் சேர்ந்தார். குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் கொண்டுவருகிறது, பட்டா வரப்போகிறது என்று தெருவெல்லாம் பேச்சு. பட்டாவுக்கு முன்னால் காரியக்காரர் வந்தார். அறுவடை முடிந்த கையோடு, பட்டப்பகலில், ஆளும் வண்டியுமாக வந்து கூரையைப் பிரித்தார்கள். யாரையும் அடிக்கவில்லை. சட்டி பானையை வண்டியில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டி, அக்கரைப் புறம்போக்கில் இறக்கிவிட்டுப் போனார்கள். கூடையில் இருந்த பூனை பாலத்தில் குதித்துத் திரும்பி ஓடிவிட்டது. மறுநாள் அங்கே கோடை உழவு ஓட்டிவிட்டார்கள். குடிசை இருந்த தடமே இல்லை.

அப்பா மனு மேல் மனு போட்டு ஒருவழியாக அதிகாரி ஒருவர் வந்தார். “இங்க வீடு இருந்ததுக்கு என்னய்யா அடையாளம்?” என்று கேட்டார். மண்ணாங்கட்டிகளுக்கு நடுவே, ஒரே இடத்தில் எங்கள் பூனை சுருண்டு படுத்திருந்தது. அப்பா கையைக் காட்டினார். “அதாங்க எங்க அடுப்படி. அந்த எடத்த வுட்டுப் போவ மாட்டேங்குது.”

“பூனையையா சாட்சிக்குக் கூப்புடுற?” அதிகாரி சிரித்தார். காரியக்காரரும் சிரித்தார். அப்பா கையை இறக்கவேயில்லை. நான்தான் வேட்டியைப் பிடித்து இழுத்து அழைத்து வந்தேன். அந்தக் கை இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது. பட்டா வரவில்லை. ஆடியில் தண்ணீர் வந்ததும் அங்கே நாற்றங்கால் போட்டார்கள். பூனை எங்கே போனதென்று தெரியாது.

இங்கே போன மாதம் லிப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பூனை பிடிக்க ஆட்கள் வருகிறார்களாம். பிடித்துக்கொண்டுபோனால் சாவு ஊசிதான். சாம்பல் பூனையை அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். அது ஊரைக் கூட்டியது. “பூனை போவணும், இல்லாட்டி நீங்க வேற எடம் பாருங்கம்மா,” என்றார் வீட்டுக்காரம்மா. இந்த முறை அவரும் சிரிக்கவில்லை. இன்னொரு அறை தேடப் பயந்தேன். தாய்லாந்து அரிசிச் சாக்கு ஒன்றை எடுத்து, பூனையை உள்ளே விட்டுக் கட்டினேன். பெரிய கால்வாயைத் தாண்டி, தூண்டில் போடுகிறவர்கள் உட்காரும் கடலோரம் வரை சுமந்துபோனேன். அங்கே பட்டினி கிடக்காது. சாக்கைத் தூக்கினேன், சுற்றக் கை வரவில்லை. ஆட்கள் வந்துபோன பிறகு வழி கண்டுபிடித்து வரட்டுமே என்று ஓர் ஆசை. அப்படியே அவிழ்த்துவிட்டேன்.

அது சீக்கிரமே வந்துவிட்டது. நான் வேலையில் இருந்த நாளில்தான் ஆட்களும் வந்திருக்கிறார்கள். சாயங்காலம் சீன ஆன்ட்டி என்னைப் பார்த்ததும் முறைக்காமல் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தூணடியைக் காட்டினார். இங்கேதான் படுத்திருந்தது என்று உள்ளங்கையைத் தரையில் வைத்துக் காட்டினார். பிறகு இரண்டு கையாலும் கூண்டு மூடுவதுபோல் செய்தார். இந்தமுறை இருவருக்கும் புரிந்தது. சாக்கைச் சுற்றியிருந்தால் ஒருவேளை அது பிழைத்திருக்கும்.

இப்போதும் வேலை முடிந்து வந்ததும் அந்தத் தூணருகே கொஞ்ச நேரம் நிற்கிறேன். மேலே இருப்பது வாடகை அறை. ஊரில் அம்மா இருப்பது புறம்போக்கு. உன் வீடு எது என்று யாராவது கேட்டால், கையை நீட்டிக் காட்ட இரண்டு ஊரிலும் ஒரு பூனை இல்லை.