நான் பூட்டிய கதவைக் கர்த்தர் திறந்தார்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து பேர் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். கடைசி மகள் லில்லி என்னோடு இருக்கிறாள். அவளுக்கு முப்பத்தைந்து வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்கு அறிவு வளர்ச்சி மெதுவு. நாலைந்து வார்த்தைதான் பேசுவாள்.

தலைச்சோலையில் காபித் தோட்டத்தை ஒட்டி எங்கள் ஓட்டு வீடு. நான் வெளியே போனால் லில்லியை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுவேன். சாவி என் முந்தானை முடிச்சில் இருக்கும். "யார் கதவைத் தட்டினாலும் ஒளிஞ்சுக்க, சத்தம் போடாதே" என்று அடித்துச் சொல்லிப் பழக்கியிருந்தேன். பெண் பிள்ளை அல்லவா, அதுதான் காவல் என்று நினைத்தேன். யார் கையையும் எதிர்பார்க்காமல் வளர்க்கிறேன் என்று பெருமையும் இருந்தது.

பக்கத்துக் காட்டில் வெள்ளையம்மா என்ற மலைக்காரப் பெண் ஆடு வளர்க்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் வந்து, "ஏனுங்கம்மா, புள்ளையப் பூட்டிட்டுப் போறீங்களே, ஒண்ணுன்னா அது என்னங்க பண்ணும்?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிட்டது. "உன் ஆட்டை நீ பாரு. என் மகளை நான் பாத்துக்கறேன்" என்றேன். அதோடு பேச்சு நின்றது.

போன ஐப்பசியில் மழை விடவே இல்லை. ஒன்பது நாள் வெயில் இல்லை. மழைக்காலத்தில் எல்லாரும் செய்வது போல நானும் விறகடுப்புக்கு மேலே கொடி கட்டி ஈரத்துணியைக் காயப் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். அடுப்பில் தணல் இருக்கும்போதே கதவைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

பத்து மணி இருக்கும். முழங்காலில் நின்றிருந்தோம். வெள்ளையம்மாவின் மருமகன் கோயில் வாசலுக்கு ஓடி வந்து, "ஞானம்மா, உங்க ஊட்டுல பொகை வருதுங்க!" என்றான்.

ஓடினேன். பனி மூடிக் கிடந்தது, பாதை தெரியவில்லை. இரண்டு தரம் விழுந்தேன். "ஆண்டவரே, என் பிள்ளை, ஆண்டவரே, என் பிள்ளை." வேறு ஜெபம் வாயில் வரவில்லை.

வீட்டைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஓட்டுச் சந்தெல்லாம் புகை. வெள்ளையம்மா கதவைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தாள். ஒருவர் சொன்னார், "உள்ள யாரும் இல்லீங்க. இத்தனை தட்டியும் சத்தமே இல்ல. புள்ளையக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க."

அப்போதுதான் என் நெஞ்சு உடைந்தது. சத்தம் போடாதே என்று சொல்லிக் கொடுத்தவள் நானே.

முடிச்சை அவிழ்க்கக் கை வரவில்லை. வெள்ளையம்மா முந்தானையைக் கிழித்துச் சாவியை எடுத்துத் திறந்தாள். கரும்புகை முகத்தில் அடித்தது. "லில்லி! லில்லி!" என்று அலறினேன். பதில் இல்லை. அழுகையில் என் குரல் எனக்கே வேறு ஆள் குரலாகக் கேட்டது. வாசற்படியில் விழுந்தேன். "ஆண்டவரே, அவள் வாயை நான் அடைத்தேன். நீர் திறந்துவிடும்."

"எல்லாரும் கத்தாதீங்க!" என்றாள் வெள்ளையம்மா. பிறகு, சாயங்காலம் ஆடு திருப்பும்போது கூப்பிடுவாளே, அதைக் கூப்பிட்டாள். "ஹேய் பா... பா... பா..."

உள் அறையிலிருந்து பதில் வந்தது. "பா... பா..."

என் லில்லியின் குரல்! தினமும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெள்ளையம்மாவுக்குப் பதில் கூப்பிடுவாளாம். எனக்குத் தெரியாது. அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். வெள்ளையம்மா ஈரச் சாக்கைப் போர்த்தித் தவழ்ந்து போய் அவளை இழுத்து வந்தாள். இருமினாள், வாந்தி எடுத்தாள். ஆனால் உயிரோடு வந்தாள். சமையல் அறை மட்டும் எரிந்தது.

நான் வெள்ளையம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அழாதீங்கம்மா. என் ஆட்டைத்தான் பாக்க வந்தேனுங்க. நடுவுல உங்க மகளும் கெடச்சுட்டா" என்றாள்.

முதலில் சிலரிடம், லில்லிதான் அடுப்பைக் கிளறிவிட்டாள் என்று சொன்னேன். அது பொய். தீக்குக் காரணம் என் கொடியும் என் தணலும். அடுத்த ஞாயிறு சபையின் முன் எழுந்து அதை அறிக்கை செய்தேன். சொன்ன பிறகு மனசு லேசாக இருந்தது.

இப்போது வீட்டில் பூட்டு இல்லை, உள் தாழ்ப்பாள்தான். திறக்க லில்லிக்கே தெரியும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மாதம் ஒருமுறை வரும் டீச்சரம்மா, தீ, புகை என்றால் அவள் வெளியே ஓடி வர ஒரு பழக்கம் ஏற்படுத்தினார்கள். சனிக்கிழமை காலையில் கரண்டியால் தட்டை அடிப்பேன். கேட்டதும் லில்லி வெளியே வந்து பலாமரத்தடியில் நிற்க வேண்டும். முதலில் ஒரு மாதம் டிரம்முக்குப் பின்னால்தான் ஓடினாள். இப்போது எனக்கு முன்னால் போய் நிற்கிறாள். நான் வெளியே போனால் வெள்ளையம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகிறேன், சில நாள் லில்லியே ஆட்டோடு போய்விடுகிறாள். டீக்கடைக்காரருக்கும் பஸ் கண்டக்டருக்கும் அவளைத் தெரியும்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஜெபியுங்கள், பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். கர்த்தர் எந்தக் கையால் உதவி அனுப்புவார் என்று நமக்குத் தெரியாது. அவரை நம்புங்கள், கைவிட மாட்டார்.

கண்ணு பெனிட்டா, பாட்டி எழுதியதில் எழுத்துப் பிழையைத் திருத்தி இதைச் சத்தமாக வாசி சாமி. எனக்கு மட்டும் அல்ல, உன் லில்லி அத்தையைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் முகத்தைப் பார்த்து வாசி. எந்த இடத்திலாவது அவள் வேண்டாம் என்று தலையாட்டினால், அந்த வரியை அடித்துவிடு.