முகமூடியும் விழுந்த பிள்ளையும்

அருங்காட்சியகத்தில் பழைய அச்சுப்படங்களுக்குப் பொறுப்பாளர் அவள். கல்யாணம், குடித்தனம் என்று எதிலும் மாட்டிக்கொள்ளாமல் அக்கா வீட்டு மாடியறையில் இருந்தாள். நல்ல படம் கிடைத்துவிட்டால் பசி மறந்துபோகும்.

அன்று மேசையில் இருந்தது முந்நூறு, நானூறு வருடங்களுக்கு முந்தைய ஐரோப்பிய பரோக் காலத்துச் செம்புத்தகட்டு அச்சு. சிறகு முளைத்த கொழுகொழுப் பிள்ளைகள் பழைய ரோமானியக் கோயில் படிகளில் கும்மாளம் போடுகிறார்கள். ஒருவன் தாடிக்காரக் கிழவனின் பெரிய முகமூடிக்குள் புகுந்து, அதன் வாய்வழியே கையை நீட்டுகிறான். எதிரே இருந்தவன் மிரண்டு விழுந்து மல்லாந்து கிடக்கிறான். கண்காட்சிக்காக அவள் நாலு வரி விளக்கம் எழுத வேண்டும்.

"இதுக்கெல்லாம் மண்டைய உடைச்சுக்கணுமா? குழந்தைங்க விளையாட்டுன்னு எழுதிட்டு அடுத்ததுக்குப் போங்க" என்றார் இயக்குநர்.

அவளும் அப்படித்தான் எழுதினாள். பிறகு உருப்பெருக்கியை நகர்த்தியபோது கை நின்றது. சிரிக்கிற அத்தனை பேரும் முகமூடியைத்தான் பார்க்கிறார்கள். விழுந்தவனை ஒருவரும் பார்க்கவில்லை. அவன் வாய், கத்திக் கத்தி ஓய்ந்த வாய்.

அவளுக்கு அக்காவின் இரண்டு பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். சின்னவன் கொஞ்ச நாளாகவே பேச்சைக் குறைத்திருந்தான். பெரியவன் அடிக்கும் கூத்துக்கு வீடே வயிறு குலுங்கச் சிரிக்கும். அவளும்தான் சிரித்தாள். சின்னவன் முகத்தை யார் பார்த்தார்கள்?

விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பள்ளி விடுமுறை, அக்கா வேலைக்குப் போயிருந்தாள். அக்கா கணவர் இரவு வேலை முடித்து உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கூடத்தில் பெரியவன் மட்டும் படம் வரைந்துகொண்டிருந்தான்.

"தம்பி எங்கடா?"

"ஒளிஞ்சிருக்கான் சித்தி."

"எங்க?"

"சொன்னா ஆட்டம் கெட்டுடும்."

வீட்டைப் புரட்டினாள். படுக்கை வைக்கும் மரப்பெட்டியில் வெளியே கொண்டி மாட்டியிருந்தது. திறந்தாள். சின்னவன் வியர்வையில் தொப்பலாக நனைந்து சுருண்டு கிடந்தான். மூச்சு இருந்தது. அவளைக் கண்டும் அழவில்லை; மூடி திரும்ப விழாமல் இரு கைகளாலும் தாங்கிப் பிடித்தான்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் அக்காவின் கோபம் முதலில் தங்கைமேல்தான் பாய்ந்தது. "சின்னப் பசங்க விளையாட்டை ஏண்டி இவ்வளவு பெருசாக்குற?"

"தினமும் பூட்டுறான்மா" என்றான் சின்னவன்.

அக்கா பெரியவனை விளாசினாள். கை ஓய்ந்ததும் தங்கை பக்கம் திரும்பினாள். "அடிக்க அடிக்க என்னையே பாக்குறாண்டி. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

சின்னவன் சித்தியின் அறைக்குக் குடிபோனான். மறுநாள் அவள் விளக்கத்தை மாற்றி எழுதினாள்: "சிரிப்பவர்களை விடுங்கள், விழுந்தவனைப் பாருங்கள்." இயக்குநர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் விட்டுவிட்டார்.

மாலை வீடு திரும்பியபோது மாடிப்படியில் பெரியவன் உட்கார்ந்திருந்தான். நல்ல பிள்ளையாக ஒதுங்கி வழிவிட்டான்.

"சித்தி, உன் ரூமுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?"