வில்சன் எறிந்த பிளேடு

வில்சன் இறந்த செய்தி வந்தபோது நான் ஓர் அலமாரிக் கதவுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தேன். பேசியவர் தக்கலையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நண்பர். “மணி, நம்ம வில்சன் போயிட்டாரு, கேட்டியா. காலம்பற நெஞ்சுவலின்னாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேரல.” நான் “செரி” என்றேன். போனை வைத்துவிட்டு மிச்சமிருந்த இரண்டு கீலையும் வைத்தேன். கதவு ஒழுங்காக மூடுகிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். பிறகுதான் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

கடற்கரையில் அவர் வீட்டு முற்றத்தில் உங்களில் பலர் இருந்தீர்கள். சிலர் வாய்விட்டு அழுதீர்கள். எனக்கு அழுகை வரவில்லை. சவப்பெட்டியின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிளைவுட்டில் மைக்கா ஒட்டிய பெட்டி. வெட்டிய ஓரமெல்லாம் பொடிப்பொடியாகப் பெயர்ந்திருந்தது. பல் குறைந்த பிளேடால் அறுத்திருக்கிறார்கள். வில்சன் கண்ணில் பட்டிருந்தால் அறுத்தவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார் என்று நினைத்தேன். அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை. முப்பதாம் நாள் திருப்பலிக்கு நம் தொழில்காரர்கள் போடும் சிறு நினைவு மலரில் எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

எங்கள் இருவருக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். இருவருமே வளைகுடாவில் மரவேலை பார்த்துத் திரும்பியவர்கள். வரும்போது ஆளுக்கொரு ட்ராக் சா கொண்டுவந்தோம். அலுமினியத் தண்டவாளத்தின் மேல் ஓடி, முழுப் பலகையையும் நூல் பிடித்ததுபோல் அறுக்கும் மெஷின். இந்த வட்டாரத்தில் அப்போது அது எங்கள் இருவரிடம் மட்டுமே இருந்தது. அவர் ஒரு வீட்டுக்கு கொட்டேஷன் கொடுத்தால் நான் அதற்குக் கீழே கொடுப்பேன். நான் கொடுத்தால் அவர் கொடுப்பார். ஆனால் அந்த மெஷினுக்குச் சரியான பிளேடு நாகர்கோவிலில் கிடைக்காது. லீவில் வரும் யாராவது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. அதனால் பிளேடு விஷயத்தில் மட்டும் பேசிக்கொள்வோம்.

ஒருமுறை என் பிளேடு மழுங்கிவிட்டது, புதிது சொல்லிவிட வேண்டும் என்றேன். வில்சன் வாங்கிப் பார்த்துவிட்டு, “மழுங்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரப்பர் மரப் பலகையில உள்ள பசை பிடிச்சிருக்கு. மண்ணெண்ணெயில ஊறப்போட்டு பிரஷ் வெச்சுத் தேய். பொறவு சொல்லு” என்றார். நான் தேய்த்தேன். பிளேடு இன்னும் ஒரு வருஷம் ஓடியது. நான் அதற்கு எடுத்த பல் தேய்க்கும் பிரஷ் யாருடையது என்பதில்தான் வீட்டில் சண்டை வந்தது. அதைக் கேட்டு வில்சன் ஒரு வாரம் சிரித்தார்.

இனி, நீங்கள் எல்லோரும் அறிந்த கதைக்கு வருகிறேன். இரணியல் பக்கம் ஒரு புதுவீட்டில் அடுக்களை வேலை எனக்கு, மாடிப்படிக் கைப்பிடி வேலை அவருக்கு. பழைய பலகையில் ஆணி இருந்ததைக் கவனிக்காமல் ஓட்டியதில் என் பிளேடில் ஐந்தாறு பல் போய்விட்டது. அவர் பையில் புதுப் பிளேடு ஒன்று இருந்தது எனக்குத் தெரியும். கேட்க மனம் வரவில்லை. நாகர்கோவில் போய்க் கிடைத்ததை வாங்கிவந்தேன். அதன் நடு ஓட்டை மெஷின் தண்டைவிடப் பெரிது. பிவிசி குழாயிலிருந்து ஒரு வளையம் அறுத்து, அரத்தால் ராவி, இடைவெளியில் செருகினேன். ஓடியது. எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது.

இரண்டாவது பலகை அறுக்கும்போது மெஷின் சத்தம் கேட்டு வில்சன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். மெஷினைக் கவிழ்த்து, பிளேடைக் கழற்றி, “சவத்த” என்று திட்டி வீட்டுக்குப் பின்னாலிருந்த குளத்தில் வீசினார். வேலைக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அடுக்கள வேல கிடைக்கல்லன்னு வயித்தெரிச்சலா ஓய்?” என்று கேட்டேன். அவர் என் கையைப் பார்த்தார். “அப்பிடியே வெச்சுக்கோ மக்கா” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

வயிற்றெரிச்சல் என்ற சொல் அன்றைக்கே தக்கலைக் கடைகள் வரை போய்விட்டது. கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன்.

சாயங்காலம் மெஷினைத் துடைக்கும்போது அந்த வளையம் தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் உருகிக் காகிதம்போல் ஆகியிருந்தது. மறுபக்கம் தடித்திருந்தது. பிளேடு நடுவில் நிற்காமல் ஆடிக்கொண்டே சுற்றியிருக்கிறது. வாங்கிய உறையை எடுத்துப் படித்தேன். அந்த பிளேடு தாங்கும் வேகம் என் மெஷினின் வேகத்துக்கு வெகு கீழே. இன்னும் ஒரு பலகை அறுத்திருந்தால் பிளேடு தெறித்து என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு விளங்கியது. வளையத்தைச் சுரண்டி எடுத்து எறிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் தக்கலையில் ஒரு பெரிய வேலை வந்தது. “வில்சன் கோவக்காரரு. சைட்டுல அடிபிடி ஆவும். நீங்களே செய்யுங்க” என்றார் கான்ட்ராக்டர். வாயைத் திறக்க அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான் திறக்கவில்லை. வேலையை வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் வில்சன்தான் என் கடைக்கு வந்தார். மச்சினன் மஸ்கட்டிலிருந்து வருவதாகவும், எனக்கு எத்தனை பிளேடு வேண்டும் என்றும் கேட்டார். எத்தனை பல் என்று நான் ஆரம்பித்தேன். “எல்லாவனும் பல்லத்தான் எண்ணுதான். மொதல்ல ஓட்டயப் பாரு. பொறவு வேகத்தப் பாரு. பொறவு தடிப்பு. பல்லக் கடைசில எண்ணினா போதும், மனசிலாச்சா?” தடிப்பு எதற்கு என்று கேட்டேன். தண்டவாளத்து ஓரத்தில் இருக்கும் ரப்பர் பட்டையைக் காட்டினார். முதல் பிளேடு அந்தப் பட்டையைத் தன் அளவுக்கு வெட்டி வைக்கும். அதன்பின் பட்டையின் ஓரம்தான் வெட்டு விழும் இடம். மாற்று பிளேடு தடித்தால் பட்டையும் சேர்ந்து போகும், மெலிந்தால் வெட்டு தள்ளி விழும். சொல்லி முடித்துக் கொஞ்ச நேரம் நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றார் என்பது அப்போதே எனக்குத் தெரியும். “ரெண்டு போதும்” என்றேன்.

அடக்கத்தன்று எல்லோரும் கலைந்த பிறகு அவர் மனைவி ஸ்டெல்லா என்னிடம் வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. “அண்ணே, அன்னைக்கு அவரு எதுக்கு ஒங்க பிளேட வீசினாரு? எத்தனையோ தடவ கேட்டுட்டேன், சொல்லவே மாட்டாரு. ஒங்களுக்கு அவரு செஞ்சது தப்புதான். மனசுல வெச்சுக்காதீங்க.” கணவருக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான், “அதெல்லாம் ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். வரும் வழியெல்லாம் ஒன்றுமே தோன்றாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் உயிரோடு இருந்தவரை வெட்கத்தில் மறைத்தேன். அடக்கத்தன்று எதனால் மறைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

இந்த மலரைத் திருப்பலி முடிந்ததும் வாசிப்பார்கள். ஸ்டெல்லா முன்வரிசையில் இருப்பார், பிள்ளைகளும் இருப்பார்கள். அதனால் இங்கே சொல்கிறேன். ஸ்டெல்லா, அவர் பொறாமையில் வீசவில்லை. என் கை போய்விடும் என்று வீசினார். அது எனக்கு அன்று சாயங்காலமே தெரியும். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

வில்சனுடையதாக என்னிடம் இருப்பது என்ன என்று எழுதி முடிக்கச் சொன்னார்கள். பத்து விரல்கள் இருக்கின்றன.