வண்டியில் தூங்கியவரின் படம்

எங்கள் அண்ணி போட்டோ எடுப்பவர். மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், இரண்டு கையையும் நீட்டினால் சுவரில் இடிக்கிற அகலத்தில் ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பாஸ்போர்ட் அளவுப் படம்தான் பிழைப்பு. வந்து உட்காருகிறவர்களிடம், "தோளை இறக்குங்க. யாரோ உங்களைத் திட்டப்போற மாதிரி உட்காராதீங்க" என்பார். பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். சிரித்த படம் செல்லாது என்பதால் மறுபடி எடுப்பார்.

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பதினேழு வருஷமாக அதே வேலை. ஹாரன் அடிப்பது அவருக்குப் பிடிக்காது. முன்னால் நிற்கிற வண்டி நகரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனாலேயே பிள்ளைகள் அவருக்கு 'ஹாரன் மாமா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கடை வேலை போக, அண்ணிக்குத் தன் சந்தோஷத்துக்கென்று ஒரு வேலை உண்டு. உழைப்புக்கு நடுவே ஓய்வெடுக்கிறவர்களைப் படம் எடுப்பார். கேட்காமல் எதையும் நெட்டில் போடமாட்டார். ஒருநாள் காலை டிரிப் முடிந்து வேன் நின்றிருந்தபோது, அண்ணன் ஸ்டியரிங் மேல் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி அதை எடுத்தார். அண்ணன் பார்த்துவிட்டு, "வாயை மூடின மாதிரி ஒண்ணு கிடைக்கலையா?" என்றார். பிறகு, "சரி, போட்டுக்கோ" என்றார். கீழ் மூலையில் சின்னதாக ஸ்டூடியோ பெயரைப் போட்டு, தன் பக்கத்தில் ஏற்றினார் அண்ணி. பார்த்தவர்களெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அத்தோடு அது மறந்துபோனது.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை அண்ணனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கையில் இருந்த போனைத் திருப்பிக் காட்டினார். குடியை விட உதவும் மையம் ஒன்றின் விளம்பரம். அதில் இருந்தது அண்ணன் படம். சுற்றியிருந்த இருக்கைகள், ஜன்னல், வெளிச்சம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைத்து, இருட்டாக்கியிருந்தார்கள். ஸ்டூடியோ பெயர் இருந்த மூலையும் வெட்டில் போயிருந்தது. மேலே பெரிய எழுத்தில், 'இவர் வீட்டில் இன்று அழுவது யார்?' என்று போட்டிருந்தது. புருவத்தில் இருக்கிற தழும்பை வைத்து ஒரு தாய் அடையாளம் கண்டுபிடித்து, பெற்றோர் குரூப்பில் அனுப்பியிருந்தார்.

"நான் நம்பலைங்க. ஆனா நாற்பது பேர் கேக்கறாங்க. தெளிவாகிற வரைக்கும் வீட்ல இருங்க" என்றார் தலைமை ஆசிரியை.

கல்யாண வீட்டில்கூடக் கையில் காபியோடு ஒதுங்கி நிற்கிற மனுஷர் எங்கள் அண்ணன். வீட்டுக்கு வந்து, கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்தார். அண்ணியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நீ எடுத்த படம்தானே."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அது அண்ணிக்கு உள்ளே போய்த் தைத்துவிட்டது.

முதலில் அண்ணி செய்தது எல்லாம் தப்பாகப் போனது. விளம்பரத்துக்குக் கீழே, இவர் என் கணவர், இவர் குடிக்கவே மாட்டார் என்று எழுதினார். 'பாவம், குடும்பத்தார் இப்படித்தான் மறைப்பார்கள்' என்று யாரோ ஒருவர் பதில் போட்டார். அதற்கு இருபது பேர் லைக் போட்டார்கள். அடுத்து விளம்பரம் வந்த தளத்துக்கே புகார் அனுப்பினார். மூன்று பத்தி. ஒரு மணி நேரத்தில், மீறல் எதுவும் தெரியவில்லை என்று பதில் வந்தது.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். அண்ணி புகாரை என்னிடம் காட்டி, "படிச்சுப் பாரு, என்ன குறை?" என்றார். படித்தேன். அண்ணன் எவ்வளவு நல்லவர் என்பது முழுக்க இருந்தது. படம் யாருடையது, எப்போது எடுத்தது, எந்தப் பக்கத்தில் முதலில் வந்தது என்பதில் ஒரு வரிகூட இல்லை.

"அவங்க ஆதாரம் கேட்டிருக்காங்க அண்ணி. நீங்க அழுதிருக்கீங்க."

 அண்ணி எழுந்துபோய், அலமாரியில் இருந்து பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேடி எடுத்தார். அன்று எடுத்த பதினோரு படமும் அதில் அப்படியே இருந்தன. நாள், நேரம், கேமரா எண் எல்லாம் பதிவாகியிருந்தது. மூலப் படத்தில், பின்னால் ஒரு தண்ணீர் பாட்டிலும் யாரோ விட்டுப்போன ஒற்றை ஷூவும் கிடந்தன. அதற்கடுத்த படத்தில் அண்ணன் முழித்துக்கொண்டு, கேமராவைத் தள்ளிவிடக் கை நீட்டிச் சிரிக்கிறார். இந்த முறை அவர்கள் கேட்டதற்கு மட்டும் அண்ணி பதில் எழுதி அனுப்பினார். இரண்டு நாளில் விளம்பரத்தை நீக்கிவிட்டார்கள்.

பதினோரு படத்தையும் வரிசையாக ஒரே தாளில் அச்சிட்டு, தலைமை ஆசிரியையிடம் கொடுத்தார். அவர் அதைப் பெற்றோர் குரூப்பில் போட்டார். அண்ணன் ஐந்தாம் நாள் வேலைக்குத் திரும்பினார். வேனில் ஒரு சின்னப் பெண், "ஹாரன் மாமா, வாயைத் திறந்து தூங்கினா கொசு உள்ள போகும்" என்று அறிவுரை சொன்னாளாம்.

அண்ணி அத்தோடு விடவில்லை. அந்த மையத்துக்கே போனார். நானும் கூடப் போனேன். பொறுப்பாளர் நல்லவராகத்தான் தெரிந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"டிசைன் பண்ணவர் போட்டதும்மா. நெட்ல கிடந்திருக்கு, எடுத்துட்டார்."

"கிடக்கலைங்க. என் பேரோட இருந்துச்சு. பேரை வெட்டிட்டு எடுத்திருக்காங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்பு எழுதிப் போடுகிறேன் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "தப்பா நினைக்காதீங்க. போன வருஷம் உங்க கடையிலதான் பாஸ்போர்ட் படம் எடுத்தேன். வாசல் போர்டுல ஒரு ரோஜா இருக்கே, அது நீங்க எடுத்ததா?" என்று கேட்டார்.

"அது போர்டு அடிச்சவர்..." என்று ஆரம்பித்த அண்ணி, பாதியிலேயே நிறுத்திவிட்டார். போர்டு அடித்தவரும் அந்த ரோஜாவை நெட்டில் இருந்துதான் எடுத்திருந்தார்.

மையத்துக்காரர் சொன்னபடி செய்தார். இவர் எங்களிடம் சிகிச்சைக்கு வந்தவர் அல்ல, அனுமதி இல்லாமல் படத்தை எடுத்துவிட்டோம் என்று, அண்ணி பெயரையும் போட்டு வெளியிட்டார். விளம்பரத்தைப் பார்த்தவர்களில் கால்வாசிப் பேர்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த வாரமே அண்ணி ரோஜாவின் சொந்தக்காரரைத் தேடினார். படத்தைக் கொடுத்து, அது நெட்டில் எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிப் பார்க்கிற வசதி இருக்கிறதல்லவா, அதில்தான். நூற்றுக்கணக்கான இடங்களில் இருந்தது. பழைய தேதிகளாகப் பிடித்துக்கொண்டே போனதில், கடைசியில் வேறொரு நாட்டில், தன் கொல்லையில் செடி வளர்த்துப் படம் எடுக்கிற ஒரு பெண்மணி அகப்பட்டார். அண்ணி நடந்ததை எழுதி, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மூன்று வாரம் கழித்து இரண்டே வரியில் பதில் வந்தது. கேட்டதற்கு நன்றி, கடைப் பலகைக்கு வேண்டாம்.

"ஆறு வருஷமா இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"தெரியாதுன்னுதானே அவங்களும் எடுத்தாங்க" என்று சொல்லி, ஏணி போட்டு ஏறி, ரோஜாவின் மேல் அண்ணியே வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்.

இப்போது அவர் நெட்டில் போடுவது எல்லாம் சிறிய அளவுப் படங்கள். பெயர் மூலையில் இல்லை. மங்கலாக, ஆள் மேலேயே குறுக்கே போகிறது. மூலப் படங்களை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறார். மாதத்துக்கு ஒரு தடவை, ஞாயிறு காலையில், தன் படங்கள் எங்கே திரிகின்றன என்று தேடுகிறார்.

வேன் படத்தைத் தன் பக்கத்தில் இருந்து நீக்கிவிடவா என்று அண்ணி கேட்டதற்கு, அண்ணன், "இருக்கட்டும். நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார். ஆனாலும் ஒரு வருஷத்துக்கு மேல் அண்ணியின் கேமரா முன்னால் அவர் நிற்கவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கப் படம் தேவைப்பட்டபோதுகூட, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் எடுத்துக்கொண்டு வந்தார். அண்ணி அந்தப் படத்தை வாங்கிப் பார்த்து, "தலை ஒரு பக்கம் சாஞ்சிருக்கு" என்றார். 

போன மாதம், நல்ல தூக்கம் பற்றிய ஒரு பக்கத்தில் அதே படம் தலைகாட்டியது. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே இருந்ததை முழுக்கப் படித்தார்.

"இதுல ஒண்ணும் தப்பா போடலையே. உழைச்சவன் தூங்குறான்னுதான் எழுதியிருக்கான். விட்டுடேன்."

"நல்லா எழுதினவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அண்ணன் யோசித்தார். "சரி, எழுது" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்து அண்ணி பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். படம் எடுத்த தேதியையும் நேரத்தையும் அவர் படிக்கப் படிக்க, அண்ணி தட்டினார்.