படைக்கும் முன்னே எடுத்த கூழ்

எங்கள் நைனா சபையில் சேர்ந்தபோது அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தோம். அதனால் ஞானஸ்நானம் நைனா, அம்மா, நான் மூணு பேருக்குத்தான். அக்கா புகுந்த வீட்டுச் சாமியோடேயே இருந்துவிட்டாள்.

நைனாவுக்கு ஆம்பூரில் தோல் பதம் பண்ணும் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று கால் வெந்துகிடக்கும். அப்படியும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பத்துக் கட்டளை சொல்லும்போது அவர் குரல்தான் மேலே கேட்கும். வேறே தேவனே கூடாது என்கிற முதல் கட்டளையை யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி சொல்லுவார்.

ஆடி மாசம் அக்கா ஊரில் மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துவார்கள். நைனாவுக்குக் கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் என்றால் உயிர். அக்கா வருஷா வருஷம் கொண்டுவருவாள். நாங்கள் சபையில் சேர்ந்த வருஷமும் வந்தாள். நைனா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"படைச்சதா?"

"ஆமா நைனா."

"படைச்சது இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாது."

அக்கா சட்டியை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து பேசினாள். போகும்போது அதே சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறு வருஷமும் வந்தாள்.

"இது படைக்கல நைனா. படைக்கிறதுக்கு மின்னாடியே உனக்குன்னு எடுத்துட்டேன். வெறும் கூழுதான்."

நைனா ஆசையாய்க் குடித்தார். "அப்போ உங்க மாரியாத்தாளுக்கு எங்க வூட்டு எச்சிலா?" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அடுப்பண்டை அக்காவை இழுத்துவைத்து, "இன்னாடி காரியம் பண்ணே? சாமிக்கு மின்னாடியா எடுத்தே?" என்றாள்.

"நைனா என் கையால ஒரு வாய் சாப்பிட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. வேற இன்னா பண்ண சொல்றே?"

தை மாசத்தில் அக்கா குழந்தைக்கு அம்மை போட்டது. பெண் குழந்தை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற வயசு. சேதி கேட்டு நாங்கள் போய்ச் சேருவதற்குள் புதைத்துவிட்டார்கள்.

கூழை முன்னே எடுத்ததை அக்காவே அழுகையில் சொல்லியிருக்கிறாள். அவள் மாமியார் எங்களைப் பார்த்ததும், "வாங்க. ஆத்தாளுக்கு மின்னாடி அப்பனுக்கு எடுத்து வெச்சா. ஆத்தா விடுவாளா?" என்றாள்.

நைனா அக்காவிடம் உட்கார்ந்து, "அப்படி ஒரு சாமியே கெடையாதும்மா. நீ ஒரு தப்பும் பண்ணல," என்றார். அக்கா தலையைத் தூக்கவேயில்லை.

அதுக்கப்புறம் கோயிலில் நைனா குரல் தனியாகக் கேட்டதில்லை. நானும் இன்றுவரை அந்த ஒரே தேவனைத்தான் கும்பிடுகிறேன். ஆனால் முதல் கட்டளைக்கு வரும்போது அக்கா முகம் வந்துவிடுகிறது. இது ஏன் என்று எங்கள் சபை ஐயரிடம் கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

குழந்தை போனதுக்கு அடுத்து வந்த ஆடியில் அக்கா வரவில்லை. கூழ் ஊத்தின அன்றைக்கு நைனா சபை உபதேசியாரிடம்கூடச் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு அவள் ஊருக்கு நடந்தார். வாசலில் உட்கார்ந்து, "படைச்சதே குடு. சாப்புடறேன்," என்றார்.

அக்கா வாசலுக்கு வந்து நின்றாள்.

"வேணா நைனா. தனக்கு மின்னாடி யாரையும் வெக்கக்கூடாதுன்னுதானே உன் சாமியும் சொல்லுது? நான் ஒரு வாட்டி வெச்சேன். போதும்." என் பக்கம் கையைக் காட்டினாள். "உனக்கு வூட்டுல இருக்கிறது இவ ஒருத்தி."

உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். நைனா பாதி குடித்துவிட்டு மிச்சத்தை எனக்குக் கொடுத்தார்.