அண்ணன் தண்ணீரை அடைக்கவில்லை

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், இம்மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கு வணக்கம். நான் அவருக்கு அடுத்துப் பிறந்தவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் மலைமேல், வாழவந்தி நாட்டில் பிறந்தார். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, மரவள்ளியும் மிளகும் வைத்து எங்களைக் காப்பாற்றினார். அம்மா மேட்டு ஊற்றுக்குக் குடத்தோடு ஏறி இறங்கி இடுப்பு விட்டுப்போனதைப் பார்த்துத்தான் ஊற்றிலிருந்து வீட்டுக்கு ஓஸ் குழாய் போட முடிவு செய்தார். சோளக்காடு சந்தையில் மிளகு விற்ற கையோடு கறுப்பு ஓஸ் சுருளைப் பஸ்ஸில் ஏற்றினார்.

"ஏனுங்க, மலைப்பாம்பையா கூட்டிட்டு வாரீங்க?" என்று கேட்டாராம் கண்டக்டர்.

"ஆமாங்க, ஜன்னல் சீட்டு வேணுங்குது" என்றாராம் அண்ணன்.

மாடு மிதிக்காத உயரத்தில் மரத்துக்கு மரம் கட்டி ஓஸை இறக்கினார். எங்கள் வீட்டோடு நிறுத்தாமல், சரிவில் கீழே இருக்கும் கீழ்வளவு வீடுகள் வரை கொண்டுபோனார். சருகு அடைத்தாலும், கிளை விழுந்து கிழிந்தாலும் அவரே போவார். அவர் நடமாடிய வரை கீழ்வளவில் ஒருவர்கூட அந்த வழியை நடந்து பார்த்ததில்லை. தண்ணீர் வந்தது, பிடித்தார்கள்.

அண்ணன் படுக்கையில் விழுந்த கோடையில் கீழ்வளவுக்கு மட்டும் தண்ணீர் நின்றது. அங்கிருக்கும் மாமா ஒருவர் எங்கள் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"சாகப்போற நேரத்துலயும் எங்க தண்ணிய அடைச்சுப்புட்டியேப்பா."

"வாசலுக்குப் போகவே ரெண்டு பேரு புடிக்கணும்ங்க மாமா. ஊத்துக்கு என்னையத் தூக்கிட்டுப் போனது ஆருங்க?"

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஆனால் பேச்சு ஊரெல்லாம் பரவியது. அந்தப் பழியோடுதான் அண்ணன் கண்ணை மூடினார்.

காரியம் முடிந்து அண்ணன் மகன் ஓஸ் வழியே நடந்து பார்த்தான். எங்கள் வீட்டைத் தாண்டி ஓஸ் ஒரு மேடு ஏறி இறங்கும். அங்கே காற்று தங்கினால் தண்ணீர் நகராது. காற்று வெளியேற அண்ணன் ஆணியால் ஒரு துளை போட்டு வைத்திருந்தார். கொஞ்சம் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தத் துளையை யாரோ சைக்கிள் டியூப் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்ததும் காற்று சீறியது. கீழ்வளவுக்குத் தண்ணீர் போனது.

"ஒழுகுதேன்னு நாந்தான் கட்டுனேன் கண்ணு. நல்லதுக்குத்தான செஞ்சேன்" என்றார் அதே மாமா, என்னிடம் மட்டும்.

"அதை ஊருக்குள்ள சொல்லுங்க மாமா."

"போனவரப் பத்தி இனி என்ன பேச்சு, உடு சாமி."

எப்படி விடுவது? பழி சொல்லும்போது ஊரே கேட்கச் சொன்னவர், உண்மையை என் காதில் மட்டும் சொன்னால் போதுமா? தெரியாமல் கட்டியதில் எனக்குக் கோபமில்லை. தெரிந்த பிறகும் வாய் திறக்காமல் அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருப்பதுதான் பொறுக்கவில்லை.

அண்ணனை மலையிறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப்காரத் தம்பிக்கும், ராப்பகலாய்த் தாங்கிய அண்ணிக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்று மதியம் எல்லோருக்கும் இங்கே சாப்பாடு உண்டு. மாமாவுக்கும் உண்டு. முதல் பந்தியிலேயே இலை போடுகிறோம். எங்கள் அண்ணன் தண்ணீரை அடைக்கவில்லை என்று எல்லோர் முன்னும் சொல்லிவிட்டு அவர் உட்காரட்டும்.